ஒன்பதாம் வளைவுக்கு ஒரு வண்டி

கடுக்காய்மலையில் கொண்டை ஊசி வளைவுகளுக்குத் தினமும் காலையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாக வேண்டும். கேட்காத வளைவு முதலில் சோம்பல் முறிக்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நிமிரும், கடைசியில் சொல்லாமல் கொள்ளாமல் வேறு மலைக்குக் கிளம்பிவிடும். அதனால் வளைவை நம்பிப் பிழைக்கிறவர்கள் ஆளுக்கொரு வண்டி வைத்திருந்தார்கள். வாசல் தெளித்து, பால் வாங்கி வைத்து, வண்டியில் வளைவை ஒருமுறை மேலும் கீழும் சுற்றிவந்த பிறகுதான் அங்கே பொழுது விடிந்ததாக அர்த்தம்.

ஒன்பதாம் வளைவு சுலோச்சனாவுடையது. வளைவின் உள்பக்கத்தில், மலையில் முதுகைச் சாய்த்தபடி அவளுடைய டீக்கடை இருந்தது. ஏறி வருகிற பஸ்ஸும் லாரியும் அங்கே மூச்சு வாங்கியே ஆகவேண்டும். மூச்சு வாங்க நின்றவன் டீ குடிக்காமல் போகமாட்டான். அந்த ஒரு வளைவை வைத்துத்தான் அவள் வீடு கட்டினாள், தங்கையைப் படிக்க வைத்தாள். போன மாதம் அவளுடைய பழைய வண்டியின் என்ஜின் சீஸ் ஆகி, இறுகி நின்றுவிட்டது. மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். அன்றிலிருந்து வளைவு நிமிர ஆரம்பித்தது. பஸ்கள் பிரேக்கில் கால் வைக்காமல் கடையைத் தாண்டிப் போயின. போட்ட டீயில் பாதியை அவள் சாயங்காலம் கீழே ஊற்றினாள்.

சுலோச்சனா பதறுகிற ரகம் இல்லை. கடை தீப்பிடித்தாலும் பாலை இறக்கி வைத்துவிட்டுத்தான் தண்ணீர் தேடுவாள். அடிவாரத்து ஷோரூமுக்குப் போன் போட்டு, "நல்லதா ரெண்டு வண்டி அனுப்புங்க. வளைவுக்கு எது ஒத்துவருதுன்னு பாத்துட்டு ஒண்ணை வெச்சுக்கறேன்" என்றாள்.

எட்வின் மறுநாளே இரண்டு வண்டிகளையும் குட்டியானை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஷோரூமில் தலை நரைத்த மனிதர், வளைவுகளிடம் நடந்துகொள்ளத் தெரிந்தவர். இறங்கியதும் முதல் வேலையாக வளைவுக்கு ஒரு வணக்கம் போட்டார். பிறகு வண்டிகளை இறக்கி நிறுத்தினார்.

"ரெண்டுமே நேக்கட் பைக்குங்கக்கா. மேல மூடாக்கு எதுவும் கிடையாது. என்ஜின் அப்படியே வெளியில தெரியும்."

"தெரியணும். மூடிக்கிட்டு வந்தா வளைவு மொகம் குடுக்காதுங்க."

இதைச் சொல்லும்போது அவள் வேண்டுமென்றேதான், கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாரப்பன் பக்கம் திரும்பினாள். மாரப்பன் பத்தாம் வளைவுக்காரர். அதாவது, முன்பு. மைலேஜ் கிடைக்கிறது என்று போன ஆடியில் அவர் ஒரு ஸ்கூட்டர் வாங்கினார். ஸ்கூட்டரின் என்ஜின் எங்கே இருக்கிறது என்று வளைவு நாலைந்து நாள் தேடிப் பார்த்தது. அப்புறம் போய்விட்டது. இப்போது அவருடைய பொரிக்கடை நீண்ட நேர் சாலையின் ஓரத்தில் நிற்கிறது. போகிற வண்டிகளுக்கு அவர் கையாட்டுகிறார், அவர்களும் மரியாதையாகக் கையாட்டிவிட்டுப் போகிறார்கள்.

"சாம்பல் கலர் சிங்கிள் சிலிண்டர், நீலம் ட்வின்" என்று எட்வின் தொடர்ந்தார். "சிசி ரெண்டுக்கும் ஒண்ணுதான். சாம்பல்ல ஒரே பெரிய பிஸ்டன் மொத்த வேலையும் பாக்கும். நீலத்துல ரெண்டு சின்ன பிஸ்டன், வேலையப் பங்கு போட்டுக்கும்."

"பங்கு போட்டா சண்டை வராதுங்களா?"

"வராதுங்க. ஒண்ணு மேல போறப்ப இன்னொண்ணு கீழ வந்துரும்."

"நேருக்கு நேரா பாத்துக்கவே மாட்டாங்க. எங்கண்ணனும் நானும் அப்படித்தான்" என்றார் மாரப்பன்.

சுலோச்சனா சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு சாம்பலை எடுத்தாள். அது டப், டப், டப் என்று ஒவ்வொரு சொல்லாக யோசித்துப் பேசியது. இரண்டாவது கியரிலேயே, ஆக்சிலேட்டரை ஏறக்குறைய தொடாமலே, ஏற்றத்தில் இழுத்துக்கொண்டு போனது. கைப்பிடி அதிர்ந்தது. கண்ணாடியில் அவளுக்கு நாலைந்து முகம் தெரிந்தது, நாலைந்துமே திருப்தியாக இருந்தன. கடைக்குள் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. வளைவுக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போனது. முதுகில் தட்டிக்கொடுத்த குழந்தைபோல அது கண்ணை மூடி, உடம்பைத் தளர்த்தியது. தார் வெதுவெதுப்பாக ஆனது.

தளர்ந்த வளைவு கொஞ்சம் அகலமாகவும் இருந்தது. காலை பஸ்ஸின் டிரைவர் சிங்காரம் கியர் மாற்றாமலே திரும்பிவிட்டு, ஜன்னலில் தலையை நீட்டினார்.

"என்னங்கக்கா, வளைவு தூங்குது?"

"தூங்கட்டும். நீங்க எறங்கி வாங்க."

பழகிய முகத்துக்காக அவர் இறங்கினார். அவரோடு ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். மோசமில்லை, ஆனால் பழைய கூட்டம் இல்லை.

மறுநாள் நீலம். அதில் அதிர்வு என்பதே இல்லை. கண்ணாடியில் அவளுக்கு ஒரே முகம் தெரிந்தது, அதுவும் தலைவாராத முகம். முறுக்க முறுக்க அதன் குரல் ஏறிக்கொண்டே போனது, எங்கே முடியும் என்று தெரியவில்லை. தொடை சுட்டது. சுலோச்சனாவுக்கு இருபது வயது குறைந்ததுபோல ஒரு சந்தோஷம் வந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை. வளைவு விருட்டென்று விழித்துக்கொண்டது. உடம்பைச் சுருட்டி இறுக்கிக்கொண்டது. அன்றைக்கு சிங்காரத்தின் பஸ் மூன்று நான்கு தடவை முன்னும் பின்னும் போய்வந்துதான் திரும்ப முடிந்தது. மொத்தப் பஸ்ஸும் இறங்கி டீ குடித்தது. பால் தீர்ந்துபோய் இரண்டாவது தடவை வாங்க ஆள் அனுப்பினாள்.

அதற்கடுத்த நாளும் நீலத்தையே எடுத்தாள். ஆசை யாரை விட்டது. வளைவு இன்னும் இறுகி, தலையும் வாலும் ஒட்டி, முழு வட்டமாக மூடிக்கொண்டது. சிங்காரத்தின் பஸ் கடையிலிருந்து கிளம்பியது, திரும்பியது, கடைக்கே வந்து நின்றது.

"இப்பத்தானுங்க குடிச்சோம்" என்றார் ஒரு பயணி.

"அது போன சுத்து" என்றாள் சுலோச்சனா.

நியாயம்தான் என்று அவர் இறங்கினார். பஸ் மத்தியானம்வரை சுற்றிக்கொண்டிருந்தது. மேல் ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறவர்கள் அதில் நிறையப் பேர். மாப்பிள்ளையும் அதே பஸ்ஸில் இருந்ததால் யாரும் அவசரப்படவில்லை. பஜ்ஜி மாவு மூன்று தடவை கரைத்தாள். மாரப்பன் தன் கடைப் பொரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து ஓரத்தில் உட்கார்ந்து விற்றார்.

"பேசாம நீலத்தையே வெச்சுக்க தங்கச்சி. இந்த மாதிரி வியாபாரத்த நான் கண்டதில்ல."

சுலோச்சனா வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விழித்திருக்கிற வளைவு சும்மா இருக்காது, வேடிக்கை பார்க்கும். அது ஓரக் கற்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் உள்ள மலையைப் பார்த்தது. பிறகு கீழே அடிவாரத்து ஊரைப் பார்த்தது. கிளம்பப் பார்க்கிறது என்று புரிந்து அவள் உடனே சாம்பலை எடுத்து நாலு சுற்று வந்தாள். டப், டப் என்ற சத்தத்தில் வளைவு தளர்ந்து, வட்டம் திறந்து, பஸ் மேலே போனது. மாப்பிள்ளை கைகாட்டிவிட்டுப் போனார்.

"சாம்பல்தாங்க எனக்கு" என்று, முடிவு கேட்க வந்திருந்த எட்வினிடம் அவள் சொன்னாள். "நீலத்த ஓட்டறது சொகமா இருக்குது. ஆனா அத வெச்சிருந்தா வியாபாரம் இருக்கும், வளைவு இருக்காது."

"சரியாச் சொன்னீங்க. நெறையப் பேரு வளைவு போனப்பறம்தான் இத வந்து சொல்றாங்க" என்றார் எட்வின்.

இதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. தப்பு அதற்குப் பிறகு. குட்டியானை முதல் நாளே இறங்கிப் போயிருந்தது, அதனால் நீலத்தை எட்வின் ஓட்டிக்கொண்டே கீழே போனார். மலைக்காரர்கள் யாராக இருந்தாலும் வேண்டாத வண்டியைத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லியிருப்பார்கள். பஜ்ஜி எண்ணெயைப் பார்ப்பதா, எட்வினைப் பார்ப்பதா என்ற குழப்பத்தில் சுலோச்சனா சொல்ல மறந்தாள். நீலத்தின் குரல் எட்டாம் வளைவில் கேட்டது, ஏழாம் வளைவில் கேட்டது, ஆறில் மெலிந்தது. ஒன்பதாம் வளைவு எழுந்து, தூசியைத் தட்டிவிட்டு, அதன் பின்னாலேயே இறங்கிப் போய்விட்டது.

கடைக்கு முன்னால் நேர் சாலை கிடந்தது. ஒரு லாரி வேகம் குறைக்காமல் போனது. மாரப்பன் பழக்கதோஷத்தில் அதற்குக் கையாட்டினார்.

சுலோச்சனாவுக்கு அழுகை வந்தது. பிழைப்பு போனதற்காக மட்டும் இல்லை. அத்தனை வருஷம் தினமும் முகத்தில் விழித்த வளைவு ஒரு வார்த்தை சொல்லாமல் போனது அவளுக்குத் தாங்கவில்லை. இரண்டு நிமிஷம் அழுதாள். பிறகு அடுப்பை அணைத்து, மாரப்பனைக் கடையில் உட்கார வைத்துவிட்டு, சாம்பலில் ஏறினாள்.

அடிவாரத்தில் தேடவே வேண்டியிருக்கவில்லை. நேராக இருந்த கடைவீதி ஷோரூம் வாசலில் சடாரென்று வளைந்திருந்தது. போக்குவரத்துப் போலீஸ்காரர் அதற்குள் 'மெதுவாகச் செல்லவும்' என்று பலகை வைத்துவிட்டார். எதிரே ஒரு ஜூஸ் கடைக்காரர் நாற்காலிகளை இழுத்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இது உங்களுதுங்களா?" என்று கேட்டார், துடைப்பதை நிறுத்தாமல்.

"என்னுதுதான்."

"இங்க நல்லாத்தான் இருக்குது."

"அங்கயும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் சுலோச்சனா. குரல் உயரவில்லை, ஆனால் அவர் துடைத்த நாற்காலியை மடக்கி வைத்தார்.

எட்வின் ஓடிவந்து, "மன்னிச்சுக்கங்கக்கா, பின்னால வந்தத கவனிக்கல" என்று நீலத்தின் சாவியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். சுலோச்சனா சாம்பலை வளைவின் தலைமாட்டில் நிறுத்தினாள். வண்டியை அணைக்கவில்லை. டப், டப், டப். வளைவு முதலில் காது கொடுக்கவில்லை. அது ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தது: சினிமா போஸ்டர், பாத்திரக்கடை, ஆட்டோக்கள். அவள் காத்திருந்தாள், ஜூஸ் கடையில் ஒரு எலுமிச்சை ஜூஸ்கூடக் குடித்தாள். வெயில் சாயும்போது வளைவின் ஓரக் கற்கள் ஒவ்வொன்றாகக் கண் மூடின.

தூங்குகிற வளைவை மலைமேல் கொண்டுபோவதற்கு நடை வேகம்தான் சரி. அந்த ஏற்றத்தில், அந்த வேகத்தில் நீலமாக இருந்தால் முறுக்கித்தான் ஆகவேண்டும். முறுக்கினால் விழித்துக்கொள்ளும். சாம்பலுக்கு அந்தக் கவலை இல்லை. அது ஒரே பெரிய பிஸ்டனை நிதானமாக ஊன்றி ஊன்றி ஏறியது. முன்னால் சுலோச்சனா, பின்னால் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு தூக்கத்திலேயே, தாரும் ஓரக் கற்களுமாக ஒன்பதாம் வளைவு. வழியில் எட்டு வளைவுக்காரர்களும் தங்கள் வண்டிகளை அணைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. அவளுக்குத் தோள் வலித்தது, கை மரத்தது. ஆனால் நெஞ்சு நிறைந்திருந்தது, இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்த தன் புத்தியை நினைத்து அவளுக்கே பெருமையாகவும் இருந்தது.

கடை வாசலில் வளைவை மெதுவாக இறக்கிப் படுக்க வைத்தாள். அது முனகி, புரண்டு, சாலையோடு ஒட்டிக்கொண்டது. பின்னாலேயே வந்த சிங்காரத்தின் கடைசி பஸ் பிரேக் போட்டு, மூச்சு வாங்கி, நின்றது.

மாரப்பன்தான் முதலில் பார்த்தார். "தங்கச்சி, இது திரும்பிப் படுத்திருக்குது."

உண்மைதான். தலையை முன்னால் நீட்டி இறங்கிப்போன வளைவு தலையை முன்னால் நீட்டியே ஏறி வந்திருந்தது. இப்போது அது பள்ளத்தை அணைத்துக்கொண்டு, கடைக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. உள்பக்கத்தில் இருக்கவேண்டிய மலை ஒரு பக்கம், வளைவு ஒரு பக்கம்.

"எழுப்பித் திருப்பிப் போட்டுரலாமா? நீலத்த ரெண்டு முறுக்கு முறுக்கினா போதும்."

"தூங்கறத எழுப்பவேண்டாம்ணே. அந்த நீலத்த நீங்க வாங்கிக்கங்க, உங்க வளைவு எந்த மலையில இருந்தாலும் கேட்டுட்டு வந்துரும். என்னுது தூங்கறப்ப மட்டும் முறுக்கிராதீங்க."

மாரப்பன் தலையாட்டினார். அவர் அப்போதே ஸ்கூட்டரை யார் தலையில் கட்டலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார். அதற்குள் சுலோச்சனா யாருக்கோ போன் போட்டுப் பேசி வைத்தாள். மாரப்பன் நினைவு வந்தவராக, "அப்ப மலை?" என்று கேட்டார்.

"மலைய இந்தப் பக்கம் மாத்தி வெக்கச் சொல்லிப் போன் பண்ணிட்டேன். காலைல ஆள் வருது. முழுசா ஒரே தடவைல வராதாம், ரெண்டு நடை ஆகும்னாங்க."

பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். சுலோச்சனா அடுப்பைப் பற்ற வைத்து, பாலை ஏற்றினாள். நாளை காலைக்கு என்று நாலு டம்ளரைத் தனியாகக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். சர்க்கரை டப்பாவைத் திறந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தாள். மலை மாற்றுகிறவர்கள் டீக்கு இனிப்பு அதிகம் கேட்பார்கள்.