அறையைப் பார்த்த நட்சத்திரங்கள்

குளிர்கால விடுமுறை வந்தால் தெருவிலேயே முதலில் ஜொலிப்பது தையல்காரி வீட்டு ஜன்னல்தான். இந்த வருஷம் அவளுக்குக் கை ஓடவில்லை. கணவர் இடுப்பெலும்பு முறிந்து ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். இருந்தாலும் மனசைத் தேற்றிக்கொண்டு, ஒரு பக்கம் மட்டும் வண்ணமுள்ள காகிதத்தில் நட்சத்திரங்கள் வெட்டி, வண்ணம் தெருப் பக்கம் தெரியக் கண்ணாடியில் ஒட்டினாள்.

“ஊருக்கெல்லாம் நட்சத்திரம், எனக்கு மட்டும் வெள்ளை முதுகா?” என்றார் அவர். வேடிக்கையாகத்தான் கேட்டார், ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்றது. அத்தனையையும் பிய்த்து, வண்ணம் அறைப் பக்கம் தெரியும்படி திருப்பி ஒட்டினாள்.

மறுநாள் எதிர்வீட்டு லாரி டிரைவர் வந்தார். யாரோடும் ஒட்டாத மனுஷர்.

“என்னம்மா, மாத்தி ஒட்டிட்டீங்களா? தெருவுக்கு வெறும் வெள்ளையா தெரியுது.”

“தெரிஞ்சுதாண்ணே ஒட்டினேன். அவர் பாக்கட்டும்னு.”

டிரைவர் கட்டிலை எட்டிப் பார்த்தார். சட்டெனத் திரும்பிப் போய்விட்டார். அவர் கோபித்துக்கொண்டாரோ என்று அவளுக்கு உறுத்தியது.

சாயங்காலம் கணவர் கூப்பிட்டார். “இங்க வாயேன், சீக்கிரம்!”

எதிர்வீட்டு ஜன்னலில் லாரிக்குக் கட்டுகிற சிவப்பு, பச்சை பல்புச் சரம் கோணல்மாணலாக எரிந்தது. டிரைவர் ஸ்டூல்மேல் நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இடது பக்கம் கொஞ்சம் தூக்கச் சொல்லு” என்றார் கணவர்.

அவள் சிரித்துக்கொண்டே ஜன்னலைத் திறந்து கத்தினாள். உள்ளே புகுந்த குளிரை இருவருமே சட்டை செய்யவில்லை.