நசுங்கிற்று என்று எழுதியவன்

1

இந்தக் கதை ஒரு பை கெருப்புக்கிலிருந்து பிறந்தது. சின்னப் பை அல்ல. இடுப்புயரம் நிற்கும் பிளாஸ்டிக் பை நிறைய, பொரித்த இறால் அப்பளம். அறிக்கை ஒன்றைத் திருத்திக் கொடுத்ததற்காக எனக்கு வந்த அன்பளிப்பு. இரண்டு வாரம் வைத்துத் தின்றேன். நன்றாகவே இருந்தது. இதைச் சொல்லாமல் தொடங்கினால் நான் இன்னும் பெரிய அயோக்கியன்.

தொடங்கிப் பார்த்தவை:

"இந்தோனேசியாவின் சீடோவார்ஜோவில் ஓர் அப்பள ஆலையில் விபத்தொன்று நிகழ்ந்த—"

நிகழ்ந்ததாம், மழை பெய்ததுபோல. அடித்துவிட்டேன்.

"அறிக்கை ஒன்று திருத்தப்பட்டபோது, அதன் விளைவுகள் குறித்து யாரும்—"

யாரால் ஐயா திருத்தப்பட்டது? வானவர் இறங்கி வந்து திருத்தினாரா? இதுவும் போயிற்று.

"நான் இலக்கண வாத்தியார்."

இது நிற்கட்டும். அழகில்லை, ஆனால் எழுவாய் இருக்கிறது.

2

பள்ளியைப் பாதியில் விட்ட பெரியவர்களுக்காக எங்கள் வார்டு மண்டபத்தில் ஞாயிறு பிற்பகல் வகுப்பு நடக்கிறது. அதில் இந்தோனேசிய மொழியின் அடிப்படை இலக்கணம் என் பாடம். மாணவர்களில் பலர் என்னைவிட மூத்தவர்கள். இருந்தாலும் என்னை "பாக்", அதாவது ஐயா, என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார்கள்; பெண்ணானால் அது "பு". அந்த மரியாதையைத் தின்று வளர்ந்த உடம்பு இது.

இலக்கணம் முற்றியவனுக்கு ஒரு நோய் வரும். எதிரில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்பது காதில் விழாது; எப்படிச் சொல்கிறார் என்பது மட்டும் விழும். நண்பன் ஒருவனின் அப்பா இறந்தபோது வாசலில் வைத்திருந்த இரங்கல் மலர்ப்பலகையில் எழுத்துப்பிழை இருப்பதை அவனிடமே சுட்டிக்காட்டியவன் நான். அவன் அன்று என்னை அறைந்திருந்தால் இந்தக் கதைக்கு அவசியம் வந்திராது.

போன நோன்பு மாதத்தில் பக்கத்து வீட்டு ரிஸ்கா ஒரு தாளோடு வந்தாள். அப்பள ஆலையில் எழுத்தர். வேலைக்குச் சேர்ந்து நாலே மாதம்.

"பாக், அறிக்கை எழுதச் சொன்னாங்க, எழுதினேன். இது என்ன சந்தைப் பேச்சு மாதிரி இருக்கு, ஆபீஸ் பாஷைல மாத்திட்டு வான்னு தூக்கி எறிஞ்சுட்டாங்க."

தாளில் இப்படி இருந்தது:

பாக் ஜுமாடி சுவிட்சைப் போட்டாரு. பு முர்தினி கை உள்ள இருந்துச்சு. பாக் ஜுமாடி போனைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. தடுப்புக் கம்பிய அதுக்கு முன்னாடியே கழட்டிட்டாங்க.

வாய்விட்டுச் சிரித்தேன். ஒரே பெயர் இரண்டு முறை! எழுத்திலே பேச்சு! கடைசி வரிக்குக் கீழே சிவப்பு மையால் "கழற்றியது யார்? எழுவாய் எங்கே?" என்று கேட்டும் வைத்தேன். கேள்வி நல்ல கேள்விதான். பதிலுக்குக் காத்திருக்காமல் அந்த வரியை அடித்தேன். மற்ற மூன்றையும் அடித்தேன். வேறு தாளில் எழுதினேன்:

உருளையைச் சுத்தம் செய்யும் வேளையில் பணியாளரின் வலக்கை நசுங்கிற்று.*

ஏழே சொற்கள். இரண்டு பேர் பெயரும் இல்லை, போனும் இல்லை, கம்பியும் இல்லை. ரிஸ்கா வாசித்துவிட்டு, "இவ்வளவுதானா பாக்?" என்றாள். "இதுதான் மொழி," என்றேன். (ஆம், அப்படியேதான் சொன்னேன். பல்லை உடைக்க விரும்புபவர்கள் வரிசையில் நிற்கவும்.) சிவப்பு மை பட்ட தாளை அவளிடம் திருப்பித் தரவில்லை. வகுப்பில் காட்டிச் சிரிக்கப் பிழைகளைச் சேர்த்துவைக்கும் கோப்பு ஒன்று என்னிடம் உண்டு. அதில் செருகிக்கொண்டேன்.

* அவர்கள் மொழியில் செய்தவனை மறைக்கும் இந்த வேலையை வினைச்சொல்லின் தலையில் ஒட்டும் முன்னொட்டு செய்கிறது. தமிழில் அதுகூட வேண்டாம். நசுக்கியது என்றால் எவனோ ஒருவன் வந்து நிற்பான். அந்த வல்லினத்தை மெல்லினமாக்கி நசுங்கியது என்றால் போய்விடுவான். மெல்லினம் என்று பெயர் வைத்தவர் வக்கீலாக இருந்திருக்க வேண்டும்.

3

முர்தினியை எப்படி எழுதுவது என்பதில் மூன்று நாள் போயிற்று. முதலில் அவரைக் கண்ணீரும் கம்பலையுமாக எழுதினேன். பொய். அழுகிற பெண் என்றால் வாசகர்கள் உடனே உருகுவார்கள், எனக்கும் வேலை மிச்சம். நிஜ முர்தினி நாற்பத்தாறு வயது, உரத்த குரல், சொல்வதெழுதும்போது பக்கத்துத் தாளை வெட்கமில்லாமல் எட்டிப்பார்க்கிறவர். வலக்கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும். இடக்கையால் எழுதப் பழகிக்கொண்டிருந்தார்.

நோன்புப் பெருநாள் கழிந்து வகுப்பில் சேர்ந்தார். பெயரைக் கேட்டும் எனக்கு அந்தத் தாள் நினைவுக்கு வரவில்லை; விரல் எப்படிப் போயிற்று என்று நான் கேட்கவுமில்லை. அவர் எழுத்தில் "ற" தலைகீழாக நிற்பதுபோல ஏதோ ஒன்று— இல்லை, அவர்கள் எழுத்தில் "ற" ஏது! தமிழ் வாசகருக்காக உடனே ஒரு பொய் வந்து விழுகிறது பாருங்கள். எழுத்து கோணல். நான் பார்த்ததும் திருத்தியதும் அதை மட்டும்தான். போதுமா?

4

அந்த ஞாயிறு பாடம், முன்னொட்டுகள். பலகையில் மூன்றை எழுதினேன். "மெ" போட்டால் செய்தவன் முன்னால் நிற்பான். "டி" போட்டால் செய்யப்பட்டது. "தெர்" போட்டால் தானாக நேர்ந்தது, யாரும் வேண்டுமென்று செய்யவில்லை.

முர்தினி கையைத் தூக்கினார்.

"பாக், நான் தடுக்கி விழுந்தா?"

"தெர்."

"இந்தச் சமிரான் என்னத் தள்ளிவிட்டா?"

"டி. தள்ளப்பட்டீர்கள்."

வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டும் சமிரான், பின்வரிசையில் இருந்து, "உங்களத் தள்ள நாலு பேரு வேணும், பு. எனக்கு எதுக்கு 'டி'?" என்றார். வகுப்பு சிரித்தது. முர்தினி சிரிக்கவில்லை.

"சமிரான்தான் தள்ளுனான்னு பேரோட சொல்லணும்னா?"

"மெ."

"அப்ப இத கொஞ்சம் பாருங்க." பையிலிருந்து மடித்த தாளை எடுத்து மேசையில் வைத்தார். "ஆஸ்பத்திரில கட்டுப் போட்டுக் கெடந்தப்ப கட்டைவிரல மையில தோச்சு வாங்கிட்டுப் போனாங்க. நான் படிக்க வந்ததே இந்தத் தாளப் படிக்கத்தான். சுத்தம் பண்றப்ப நானே கைய விட்டுக்கிட்டேன்னு வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. மெஷின்ல ஒரு தப்பும் இல்லையாம், அதனால கம்பிய இன்னும் மாட்டல. இப்ப அந்த மெஷின்ல என் தங்கச்சி நிக்கிறா."

ஏழு சொற்கள். என்னுடையவை.

"'தெர்'னு போட்டிருக்கு. இது தப்புதானே, பாக்?"

முப்பது கண்கள் என் மேல் இருந்தன. எனக்கு என்ன தோன்றியது என்று இந்த இடத்தில் எழுத வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை. வாய் தானாக— வாய் தானாகப் பேசாது. நான் பேசினேன்.

"இலக்கணப்படி தப்பில்லை, பு."

"தப்பில்லைன்னா சரி போடுங்க. என் நோட்டுல போடுற மாதிரி." சிவப்புப் பேனாவை எடுத்து என் பக்கம் தள்ளினார். கோபமா, கிண்டலா, நிஜமாகவே கேட்கிறாரா என்று தெரியவில்லை.

சரிக்குறி போட்டேன். பழக்கதோஷத்தில் பக்கத்தில் கையெழுத்தும் தேதியும்.

"இலக்கணமெல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றார் சமிரான். "எந்தக் கழுத எழுதுச்சோ, அதுக்குத்தான் மனுசத்தன்மை இல்ல."

5

தொழிலாளர் அலுவலகத்தில் நடந்த முதல் பேச்சுவார்த்தைக்கு நான் போகவில்லை. முர்தினியை வண்டியில் கூட்டிப்போன சமிரான் சொன்னதைக் கேட்டு எழுதுகிறேன்.

முர்தினியிடம் இருந்தது அந்த ஒரே பிரதி. அதைத்தான் மேசையில் வைத்தார். ஆலையின் ஆள் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்திருக்கிறான்.

"உங்க வாத்தியாரே சரி போட்டு, கையெழுத்தும் போட்டிருக்காரே, பு. அப்புறம் எங்ககிட்ட என்ன கேக்குறீங்க?"

அதிகாரிகூடச் சிரிப்பை அடக்கிக்கொண்டாராம். அடுத்த அமர்வு பத்து நாள் கழித்து, வியாழன் காலை ஒன்பது மணிக்கு. புதிதாக ஆதாரம் ஏதாவது இருந்தால் கொண்டுவரச் சொன்னார். இல்லையென்றால் கோப்பை மூடிவிடுவாராம்.

(இங்கே ஆலைக்காரனைக் கொஞ்சம் திட்டலாம் என்று ஒரு பத்தி எழுதினேன். நன்றாக வந்தது. கிழித்துவிட்டேன். அவன் என் கையெழுத்தை வாசித்தான், அவ்வளவுதான்.)

6

அடுத்த ஞாயிறு முர்தினி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். பாடம் தொடங்குவதற்கு முன் கேட்டார்.

"ஏன் சரி போட்டீங்க, பாக்?"

"ஏன்னா... அத எழுதுனது நான்."

முன்வரிசையில் இருந்த மீன்காரம்மா, "அடப்பாவி," என்றார், பாக் எல்லாம் இல்லாமல். சமிரான் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

முர்தினி திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவு வசதி! அவர் கேட்டது வேறு.

"நீங்க எழுதுறதுக்கு முன்னால அதுல என்ன இருந்துச்சு?"

சொன்னேன். நாலு வரியும் மனப்பாடம். பிழை என்று காட்டிச் சிரிப்பதற்காகவே மனப்பாடம் செய்தவன். பாக் ஜுமாடி சுவிட்சைப் போட்டாரு. பு முர்தினி கை உள்ள இருந்துச்சு. அந்த இரண்டாவது வரியில் அவர் முகம் மாறிற்று.

"யாரு எழுதுனது?"

"ரிஸ்கா."

"ரிஸ்கா பாத்தாளா?" குரல் முதன்முறையாகத் தாழ்ந்தது. "யாருமே பாக்கலன்னு நெனச்சேன், பாக். ஆறு மாசமா, நானே தப்பா ஞாபகம் வெச்சிருக்கேனோன்னு... எல்லாரும் நசுங்கிருச்சு நசுங்கிருச்சுன்னு சொல்லிச் சொல்லி, எனக்கே அப்படித்தான் போலன்னு ஆயிருச்சு. அந்தாளு போனப் பாத்துச் சிரிச்சது கனவுல கண்டதோன்னு இருந்தேன்."

விரல்கள் போனது ஜுமாடியால். ஞாபகம் போனது என்னால். இதை எந்த முன்னொட்டாலும் மூட முடியவில்லை.

"அந்தத் தாளு இருக்கா?"

"இருக்கு."

"வியாழக்கிழமை கொண்டாங்க," என்றார். "இப்பப் பாடத்த நடத்துங்க. வந்ததுக்கு எதையாவது படிச்சிட்டுப் போறோம்."

7

இந்த இடத்தில் கதையை முடித்துவிட்டால் நீங்கள் பெருமூச்சு விட்டு உறங்கப் போவீர்கள். முடிவு ஒன்று: வாத்தியார் தாளோடு போகிறார், நீதி வெல்கிறது. முடிவு இரண்டு: தாளை எரிக்கிறார், வாசகர்கள் காறித் துப்புகிறார்கள். இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டிலும் ரிஸ்கா இல்லை. அது எனக்கு உறைக்கவே இல்லை, நேற்று மாலை, வகுப்பில் நடந்ததைக் கேள்விப்பட்டு அவளே என் வாசலில் வந்து நிற்கும்வரை.

"பாக், அத எரிச்சுடுங்க."

"நீ எழுதுனது உண்மைதானே?"

"உண்மைதான். நான் பொய்யின்னா சொல்றேன்? வேல போயிடும். மூணு பேரு என் சம்பளத்துல சாப்பிடுறோம். உங்களுக்கென்ன, உங்க வேலையா போகுது?"

"என் வகுப்பும் போகும். வார்டுத் தலைவர் ஆலை முதலாளியோட மச்சான்."

"ஞாயித்துக்கிழம வகுப்பு!" என்றாள். அந்த இரண்டு சொல்லில் இருந்த ஏளனத்தை நான் இருபது வருடம் சிவப்பு மையால் எழுதியும் எட்டவில்லை.

"உன் பேர மறைச்சுக் குடுக்குறேன்."

"என் கையெழுத்து, பாக். ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். மறைக்கிறதுலயே இருங்க நீங்க." செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டடி போனவள் திரும்பினாள். "அன்னைக்கு நீங்க சிரிக்காம, 'நிஜமா ரிஸ்கா, இப்படியா நடந்துச்சு?'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நான் எழுதுன மாதிரியே கொண்டுபோய்க் குடுத்திருப்பேன். அன்னைக்கு எனக்குத் தைரியம் இருந்துச்சு. இப்ப இல்ல."

அவளை ஒரு கோழையாக எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. அந்தச் சட்டை வேறு ஆளுக்குத் தைத்தது.

8

வியாழன். மணி எட்டரை.

கோப்பு மேசைமேல். நான்கு வரியும் அவற்றின் மேல் என் சிவப்புக் கோடுகளும் நன்றாகத் தெரிகின்றன. கோட்டுக்கு அடியிலும் எழுத்தை வாசிக்க முடிகிறது. ஒழுங்காக அடிக்கக்கூடத் தெரியாதவன்.

முர்தினி அலுவலக வாசலில் வந்து நின்றுவிட்டதாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். இடக்கையால் தட்டியது. இரண்டு எழுத்துப்பிழை. எண்ணிவிட்டேன், பார்த்தீர்களா? அந்த நோய் போகாது.

தாளைக் கொண்டுபோனால் ரிஸ்கா தெருவுக்கு வருவாள். போகாவிட்டால் அந்த உருளைக்கு எதிரே முர்தினியின் தங்கை இன்றும் நிற்பாள், கம்பி இல்லாமல். இலக்கணத்தில் இதற்கு விதி இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன், கேவலமாக, நிஜமாகவே புத்தகத்தைப் புரட்டி.

வாசலில் சமிரான் வண்டியோடு நிற்கிறார். அந்த ஞாயிறுக்குப் பிறகு என்னோடு பேசாதவர். இன்று காலை ஜன்னல் வழியாக மூன்றே வரி சொன்னார்: "ஏறுனா ஏறுங்க. ஏறலன்னா நான் மட்டும் போயி அந்தம்மா பக்கத்துல உக்காந்துக்குவேன். அஞ்சு நிமிசம்."

ஏறினேன் என்று எழுதி முடித்துவிடலாம். ஒரே சொல், பிழையில்லாத சொல், தன்மை ஒருமை இறந்தகாலம். நீங்கள் நம்பியும் விடுவீர்கள். நான் எழுதியதை நம்பாதவர் இதுவரை இல்லை. அதனால்தான் எழுதவில்லை. உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டுமென்றால் என்னிடம் கேட்காதீர்கள். சந்தை வாசலில் பச்சைச் சட்டை போட்ட சமிரானைக் கேளுங்கள். அவருக்கு இலக்கணம் வராது.

ஹாரன் அடிக்கிறார்.