கம்பளி நாலு நிமிஷம்

ஜெகதீசன் போய்ப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. அவர் பேசிய வார்த்தைகள் எல்லாம் சசிகலாவுக்கு நினைவில் இருந்தன. குரல்தான் நழுவிக்கொண்டிருந்தது. "வெந்தண்ணி வெச்சாச்சா?" என்று அவர் காலையில் கேட்பதை நினைத்துப் பார்த்தால், அது அவளுடைய குரலிலேயே கேட்டது. ஒரு நாள் அடுப்படியில் நின்று, கொஞ்சம் கரகரப்பாக, கொஞ்சம் இழுத்து, அவரைப் போலவே சொல்லிப் பார்த்தாள். வரவில்லை. அன்றைக்குத்தான் பயம் பிடித்தது.

வீட்டில் அவர் குரல் எங்கேயும் பதிவாகியிருக்கவில்லை. போனில் பேசினால் "சரி, வெச்சர்றேன்" என்பதோடு முடித்துக்கொள்ளும் மனுஷன். கல்யாண வீடுகளில் வீடியோக்காரர் பக்கத்தில் வந்தால் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பந்திக்குப் போய்விடுவார். தேயிலை ஃபேக்டரியில் முப்பத்து நாலு வருஷம் எலெக்ட்ரீஷியன் வேலை. அங்கே ரோலர் போடும் சத்தத்தில் யாருக்கும் பேச்சே தேவைப்படுவதில்லை, கையை ஆட்டினால் போதும் என்பார்.

ஒரே ஒரு கேசட் இருந்தது.

எண்பத்தைந்தாம் வருஷம் டிசம்பரில், குன்னூரில் ஒரு சர்ச் ஹாலில் 'ப்ளூகம் பாய்ஸ்' என்ற உள்ளூர்க் குழு கச்சேரி நடத்தியது. நாலு பையன்கள், இரண்டு கிடார், ஒரு டிரம்ஸ். பாதி வெளிநாட்டுப் பாட்டு, பாதி அவர்களே கட்டியது. அதற்கு மறு வருஷமே ஆளுக்கொரு பக்கம் வேலைக்குப் போய்க் குழு கலைந்துவிட்டது. அந்தக் கச்சேரியை ஜெகதீசன் கைக்கடக்கமான ஒரு ரெக்கார்டரில் பதிந்திருந்தார். மூன்றாவது பாட்டு நடக்கும்போது, கிடார் தனியாக வாசிக்கும் இடத்தில், "குளிருதா சசி?" என்று ஒரு குரல் தெளிவாக விழுந்திருந்தது. கல்யாணமாகி ஐந்து மாதம் அப்போது.

அதற்குப் பிறகு நாலு நிமிஷம் சத்தம் மூடிக்கொண்டுவிடும், ரெக்கார்டரைக் கம்பளியில் சுற்றியது போல. அப்புறம் மறுபடி தெளியும். பேட்டரி இறங்கிவிட்டது என்று ஜெகதீசன் சொல்லுவார். நண்பர்கள் அதற்குக் 'கம்பளி நாலு நிமிஷம்' என்று பேரே வைத்துவிட்டார்கள்.

நண்பர்கள் என்றால் இரண்டு பேர். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்ற சில்வஸ்டர். கீழ் பஜாரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்து இப்போது அதே கடையில் செல்போன் ரிப்பேர் பார்க்கும் அமீர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஜெகதீசன் வீட்டில் கூடுவார்கள். ஒருவர் ஏதாவது ஒரு பழைய குழுவின் கச்சேரிப் பதிவைக் கொண்டுவர வேண்டும். உறையைக் காட்டக் கூடாது. முதல் பாட்டு தொடங்குவதற்கு முன்னால் கேட்கும் கூட்டத்தின் இரைச்சலை மட்டும் வைத்து, எந்த ஊர், எந்த வருஷம் என்று மற்ற இருவரும் சொல்ல வேண்டும். தோற்றவர் அடுத்த வாரம் டீயோடு கடிக்க வர்க்கி பிஸ்கட் வாங்கிவர வேண்டும். முப்பது வருஷம் இப்படியே போயிற்று. எப்போதாவது ப்ளூகம் பாய்ஸ் கேசட்டைப் போட்டால் மூன்றாவது பாட்டு வருவதற்குள் சசிகலா டீ போட எழுந்துபோய்விடுவாள். "குளிருதா சசி" வந்ததும் சில்வஸ்டர் சிரிக்கும் சிரிப்பு அடுப்படி வரைக்கும் கேட்கும். அந்தக் கூச்சம் அறுபது வயதுக்கு மேலும் போகவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தன்று சில்வஸ்டர் அந்தக் கேசட்டைக் கேட்டார். "வருஷத் தெவசத்துக்குள்ள திருப்பிக் குடுத்தர்றேன் அம்மிணி. ஜெகாவுக்குன்னு ஒண்ணு செய்யணும்." அவள் எதையும் யோசிக்கும் நிலையில் இல்லை. அலமாரியைத் திறந்து கொடுத்துவிட்டாள். குரல் நழுவுகிறது என்று தெரிந்தபிறகு நாலைந்து தடவை போனில் கேட்டாள். "வருது, வருது" என்றார் அவர்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சரியாக மூன்று மணிக்கு, இரண்டு பேரும் வந்தார்கள். சில்வஸ்டர் கையில் ஒரு பென் டிரைவும், சுமாரான அளவில் ஒரு ஸ்பீக்கரும். அமீர் கையில் வர்க்கிப் பொட்டலம்.

"போன ஜனவரியில தோத்தது நான்தானுங்க அண்ணி," என்றார் அமீர். "பாக்கி நின்னுருச்சு."

"அது லண்டன்னு சொன்னவன் இவன்," என்றார் சில்வஸ்டர். "ஒசாகா அது. ஜப்பான்காரன் கை தட்டறதுக்கும் லண்டன்காரன் கை தட்டறதுக்கும் வித்தியாசம் தெரியாதவன் எல்லாம் டீப் பர்ப்பிள் கச்சேரி கேக்க வந்துட்டான்."

"நான் எங்கீங்க கேக்கறேன்? உட்டு எத்தனையோ வருஷமாச்சு. எனக்கு இப்ப உருதுக் கசல்தான். உங்க சகவாசத்துக்காக உக்காந்து தலையாட்டிட்டு இருந்தேன்."

"உம் பொண்டாட்டி நாஜ்னீன் உன்னைக் கெடுத்துட்டா."

"திருத்திட்டான்னு சொல்லுங்க."

சசிகலா டீயை வைத்தாள். ஜெகதீசன் உட்காரும் பிரம்பு நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. சில்வஸ்டர் ஸ்பீக்கரை அதன் மேல் வைத்தார்.

"கோயமுத்தூர்ல ஒரு ஸ்டுடியோக்காரர் அம்மிணி. எட்டு மாசம் பின்னாடியே அலைஞ்சேன். நாப்பது வருஷ அழுக்கு. துடைச்சு எடுத்துட்டார். இப்ப கேளுங்க."

"கச்சேரிப் பதிவைத் துடைச்சா என்னங்க மிஞ்சும்?" என்றார் அமீர்.

"பாட்டு மிஞ்சும்டா. நீ இன்னும் அந்தக் காலத்துலயே இரு. எவனோ இருமறதையும் எவளோ குழந்தையை அதட்டறதையும் காசு குடுத்துக் கேக்கச் சொல்றியா? நானும் அப்ப அப்படித்தான் நெனச்சேன். இப்ப ஹெட்போன்ல கேட்டுப் பழகிட்டா, ஒரு சின்ன உஸ்ஸுன்னாக்கூட உறுத்துது."

"இருமறவனும் அந்தக் கச்சேரியில ஒருத்தன்தானுங்க. அவனை வெளிய தள்ளுனா அப்புறம் அது கச்சேரியா? ஸ்டுடியோவுலயே பாடிட்டுப் போயிரலாமே."

"ஜெகாவே எத்தனை தடவை சொல்லியிருக்கான். 'என் வாயால என் டேப்பையே கெடுத்துட்டேன்'னு. அவன் ஆசையைத்தான் நிறைவேத்தியிருக்கேன்."

சசிகலாவுக்கு அந்த வாக்கியம் முழுதாக உறைப்பதற்குள் சில்வஸ்டர் பொத்தானை அழுத்திவிட்டார்.

பாட்டு கண்ணாடி போல் வந்தது. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்டது. அவள் மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை எழுந்துபோவதில்லை என்று காலையிலேயே முடிவு செய்திருந்தாள். முதல் பாட்டு. இரண்டாவது. மூன்றாவது பாட்டில் கிடார் தனியாக ஏறத் தொடங்கியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கிடார் ஏறியது, நின்றது, இறங்கியது. பாட்டு முடிந்தது. கைதட்டல்கூட இல்லை.

"கம்பளியே இல்லை, பாத்தீங்களா?" என்றார் சில்வஸ்டர். அவர் முகம் மலர்ந்திருந்தது.

"அவரு பேசுனது எங்கீங்கண்ணா?"

"அதெல்லாம் வழிச்சு எடுத்தாச்சு அம்மிணி. தடமே தெரியாது."

சசிகலா டீத் தம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். ஒன்றில் டீ பாதி அப்படியே இருந்தது. குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

சற்று நேரம் பார்த்துவிட்டு அமீர் வாசல்படியில் வந்து நின்றார். "அண்ணி."

"எனக்கு அவரு குரல் மறந்துபோச்சு அமீர்," என்றாள், திரும்பாமலே. "அதுல மட்டுந்தான் இருந்துச்சு."

உள்ளே ஸ்பீக்கர் நின்றது. சில்வஸ்டருக்கும் கேட்டுவிட்டது.

அவர் எழுந்து வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு, கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார். கேசட் இல்லை. ஸ்டுடியோவில் ஓட்டி முடிக்கும்போதே நாடா பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. துடைக்காத நகலும் இல்லை, வேலை முடிந்ததும் அழித்துவிட்டார்களாம். கம்பத்தில் ஏறி இறங்கியே வாழ்ந்த அந்தப் பெரிய உடம்பு கொஞ்சம் சிறுத்தது போலிருந்தது. "நான் நல்லதுன்னு நெனச்சேன் அம்மிணி."

"தெரியுங்கண்ணா," என்றாள். நிஜமாகவே தெரிந்திருந்தது. அதனால் கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று.

அமீர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "அரை மணி நேரம் குடுங்க. எண்பத்தாறுல நான் ஒரு காப்பி எடுத்தேன். கடைப் பரண்ல கெடக்கும். ஆனா..." நிறுத்தி, கழுத்தைச் சொறிந்துகொண்டார். "அப்புறம் நாஜ்னீன் வந்தா. ரேடியோவுல கசல் போடும்போது பதிஞ்சு குடுங்கன்னு கேட்டா. கையில வெத்து கேசட் இல்லை. இதும்மேலயே பதிஞ்சுட்டேன். எவ்வளவு தூரம் அழிஞ்சுதுன்னு தெரியாதுங்க."

"நண்பன் டேப்பு மேலயா பதிஞ்சே?" என்றார் சில்வஸ்டர்.

"நீங்க பேசாதீங்க இப்ப," என்றார் அமீர், மெதுவாக.

அவர் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. மேடு ஏறி வந்த மூச்சிரைப்போடு, கடையிலிருந்து ஒரு பழைய பிளேயரையும் கேசட்டையும் மேசை மேல் வைத்தார். உறையில் நாஜ்னீனின் பேர் உருதுவில் எழுதியிருந்தது. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துப் பிளேயரின் தலைப்பகுதியைத் துடைத்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பிளேயர் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார்.

"நாடாவுக்கு வயசாச்சு. ஒரு தடவைதான் ஓட்டுவேன். அறுந்தா என்னைத் திட்டக் கூடாது."

கசல் வந்தது. ஒரு பெண் குரல், ஆர்மோனியம், தபலா. ஒன்று முடிந்து இன்னொன்று. நாஜ்னீனுக்காகப் பதிந்த பாட்டு நீள நீள ஜெகதீசனின் பாட்டு குறைந்துகொண்டே போகிறது என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. இத்தனை அழகாகப் பாடும் ஒருத்தி சீக்கிரம் நிறுத்த வேண்டுமே என்று சசிகலா வேண்டிக்கொண்டாள். அந்த எண்ணமே அவளுக்கு வெட்கமாக இருந்தது. மூன்றாவது கசலின் நடுவில் டக்கென்று ஒரு சத்தம். ஆர்மோனியம் அறுந்தது. கிடார் உச்சியில் இருந்தது.

மூன்றாவது பாட்டு. அந்த இடம்தான். ஆனால் கேள்வி போய்விட்டிருந்தது.

"இல்லீங்க," என்றது ஒரு சின்னப் பெண் குரல்.

சசிகலாவுக்கு அது தன் குரல் என்று தெரியச் சற்று நேரம் பிடித்தது. இருபத்திரண்டு வயது. பச்சைப் பொய். அன்றைக்குப் பல் கிட்டிக்கொண்டிருந்தது.

உடனே துணி சரசரக்கும் சத்தம். சத்தம் மூடிக்கொண்டது.

"கம்பளி," என்றார் சில்வஸ்டர், பழக்கதோஷத்தில்.

"பேட்டரி இறங்கலீங்கண்ணா," என்றாள் சசிகலா. "ரெக்கார்டர் அவரு மிலிட்டரி கோட்டு உள்பையில இருந்துச்சு, கோட்டு தொறந்தே கெடந்துச்சு. அந்தக் கோட்டைக் கழட்டி எனக்குப் போத்திவிட்டாரு."

சில்வஸ்டர் அவளைப் பார்த்தார். "பைக்குள்ள வெச்சு மடியில வெச்சிருந்தேன்னுல்ல சொன்னான் எங்ககிட்ட. இந்த எடம் வந்தா, 'வேஸ்ட்டு, வேஸ்ட்டு'ன்னு ஃபார்வேர்டு அடிச்சிருவானே. நாங்க ஒரு நாளும் இதை முழுசாக் கேட்டதில்லை."

அவளும் கேட்டதில்லை. கோட்டு வரைக்கும்தான் அவளுக்குத் தெரியும்.

எங்கோ தூரத்தில் டிரம்ஸ் மட்டும் மந்தமாக அதிர்ந்தது. அதற்கு இந்தப் பக்கம், மிக அருகில், வேறு ஏதோ ஒன்று. அமீர் குனிந்து காதை வைத்தார். மைக் இரைச்சல் என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்.

அது முனகல். பாட்டின் மெட்டை, ஒரு அடி பிந்தி, சுதி கொஞ்சம் விலகி, யாரோ வாயைத் திறக்காமல் பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் நெஞ்சுக்கு நேராக இருந்த பையில் அது அப்படியே இறங்கியிருந்தது. இந்தப் பாட்டெல்லாம் எனக்குப் பிடிக்காது, தலைவலி என்று நாற்பது வருஷமாகச் சொல்லிவந்தவள் சசிகலா.

நாலு நிமிஷமும் அது போயிற்று. ஜெகதீசன் சில இரவுகளில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, இதே பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருப்பார். என்ன கேட்கிறீர்கள் என்று கேட்டால் "சும்மா, ப்ளூகம் பாய்ஸ்" என்பார். ஒரு தடவை அவர் சிரித்துக்கொண்டிருந்ததைக்கூடப் பார்த்திருக்கிறாள். கிடாருக்கு எதற்குச் சிரிப்பு என்று நினைத்தபடி பால் உறை ஊற்றப் போய்விட்டாள்.

பாட்டு முடிந்தது. தூரத்தில் கூட்டம் இரைந்தது. அப்போது கோட்டுக்கு மேலே, குனிந்து காதோரம் சொல்வது போல, கம்பளி வழியாக ஒரு குரல் வந்தது.

"முடிஞ்சுருச்சு சசி. கை தட்டு."

கொஞ்சம் கரகரப்பு. கடைசி எழுத்தில் ஒரு இழுப்பு. இப்படித்தான். இதேதான். அவள் அடுப்படியில் நின்று எத்தனையோ தடவை முயன்று வராத இடம் அந்த இழுப்புதான்.

தொடர்ந்து, ரெக்கார்டருக்கு வெகு அருகில், பட், பட் என்று இரண்டு கை மட்டும் பலமாகத் தட்டியது.

அமீர் பிளேயரை நிறுத்தினார். வெளியே மேட்டில் பஸ் ஒன்று கியர் மாற்றி ஏறும் சத்தம் கேட்டது. சில்வஸ்டர் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். அந்தச் சின்ன அறைக்கு அது பெரிய சத்தம்.

"இன்னொரு தடவை போடு அமீர்," என்றாள் அவள்.

"நாடா தாங்காதுங்க அண்ணி. ஆனா போன்ல புடிச்சிருக்கேன்." போனைத் திருப்பிக் காட்டினார். பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "நம்ம பேச்செல்லாமும் சேந்துதான் விழுந்திருக்கும். பஸ்ஸு, இவரு மூக்குச் சிந்துனது, எல்லாம்."

"அதை வேணா அந்தக் கோயமுத்தூர்க்காரர்கிட்டக் குடுத்து..." என்று சில்வஸ்டர் ஆரம்பித்து, தானே நிறுத்திக்கொண்டார்.

சசிகலா சிரித்துவிட்டாள். பதினோரு மாதத்தில் அந்த வீட்டில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதுவும் பதிவாகியிருக்கும்.

"யாரும் ஒண்ணும் தொட வேண்டாங்கண்ணா," என்றாள். "அப்படியே இருக்கட்டும்." ஸ்பீக்கரை எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். போனுக்காகக் கையை நீட்டினாள். "வர்க்கி அடுத்த வாரம் யாரு முறை?"