சல்லடையில் நின்ற பெயர்

“கிளாஸ் போச்சு, கிராஸ் போச்சு, பாஸும் போச்சு. அப்புறம் புள்ளைங்க எப்படித்தான் பரீட்சையில பாஸ் பண்ணும்?”

“சிரிக்காதீங்க. அசாசின்ல அது ரெண்டு தடவை வருது.”

“கொலைகாரன்தானே, வரட்டும். அசிஸ்டன்ட்?”

“ஆரம்பமே அதுதான்.”

“அப்ப இத்தனை வருஷமா அசிஸ்டன்ட் மேனேஜர்னு போர்டு வச்சு உட்கார்ந்திருக்காரே, அவருக்கு யார் சொல்றது?”

கேட்டவர் ஓவியர். பதில் சொன்னவளை அந்த அலுவலகத்தில் எல்லோரும் அகராதி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆங்கில அகராதியைப் புரட்டுவது அவள் வேலை என்பதால் வந்த பெயர்; வாய் கொஞ்சம் நீளம் என்பதால் நிலைத்த பெயர்.

அது பிள்ளைகளுக்கான சொல் விளையாட்டுகள் செய்யும் கம்பெனி. பள்ளிக்கூடங்கள்தான் வாங்கும். பிள்ளைகள் கெட்ட வார்த்தை எதையும் தட்டிவிடக் கூடாது என்று விளையாட்டுக்குள் ஒரு சல்லடை வைத்திருந்தார்கள். சல்லடைக்கு அர்த்தம் தெரியாது, எழுத்துதான் தெரியும். பின்புறத்தைச் சொல்லும் ஆங்கிலக் கெட்ட வார்த்தையாக ஏ, எஸ், எஸ் என்று மூன்று எழுத்து வரிசையாக வந்தால் போதும், கண்ணாடி டம்ளரும் புல்லும் ஒன்றுபோல நின்றுவிடும். அப்படி நின்றுபோன நல்ல வார்த்தைகளைத் தேடியெடுத்து, உதவி மேலாளரிடம் அனுமதி வாங்கி, வெளியே விடுவது அகராதியின் வேலை. கேட்பதற்குச் சாக்கடையில் விழுந்த குழந்தைகளைத் தூக்கிவிடும் புண்ணியம் மாதிரி இருக்கும். அவளுக்கோ நாள் முழுக்கச் சாக்கடையில் நிற்கிற வேலை.

முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. பிறகு எந்த வார்த்தையைப் பார்த்தாலும் அதன் வயிற்றுக்குள் என்ன கிடக்கிறது என்று கண் தானாகத் தோண்டியது. ஹலோ என்று எழுதியிருந்தால் அவளுக்கு முதல் நான்கு எழுத்தில் ஹெல் என்ற நரகம்தான் தெரிந்தது. படுக்கையில் மொழிபெயர்ப்பு நாவலைத் திறந்தாலும், பனி பெய்யும் ஊர்களின் பெயர்களை மனம் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டி முகர்ந்து பார்த்தது. மத்தியானம் சாப்பிடும் முன் இரண்டு முறை சோப்புப் போட்டாள். அந்தக் கைகழுவும் தொட்டியிலோ ஊறிப்போன தேயிலையும், யாரோ பிழியாமல் விட்ட துணியும் கிடக்கும்.

அக்காவின் போன் அந்தத் தொட்டியருகில் நிற்கும்போதுதான் வந்தது.

“உங்க கம்பெனி விளையாட்டாமே, பள்ளிக்கூடத்துல போட்டி வச்சிருக்காங்க. நல்லா வச்சாங்க போ.”

“என்னக்கா?”

“டீச்சர் பெரிய திரையில ஒவ்வொரு பேரா அடிச்சுக்கிட்டு வந்தாங்களாம். என் பொண்ணு பேர் வந்ததும் ஒரு மூஞ்சி வந்து மூக்கைப் பொத்திக்கிட்டு, ‘சீ, இது அசிங்கமான வார்த்தை’ன்னுச்சாம். கிளாஸே மூக்கைப் பொத்திக்கிச்சு. வந்ததுலேருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறா. நாளைக்குக் காலையில பேர் கொடுக்கக் கடைசியாம். ஏதாவது பண்ணுடி.”

அகராதிக்கு நொடியில் புரிந்துவிட்டது. அக்கா மகளின் பெயர் ‘ஷிதா’ என்று முடியும். தமிழில் இரண்டே எழுத்து. ஆங்கிலத்தில் எழுதினால் எஸ், ஹெச், ஐ, டி என்று வரிசையாக வந்து நிற்கும். மலத்துக்கு அவர்கள் சொல்லும் அசிங்கமான சொல். அந்த நான்கு எழுத்தையும் அவள் போன மாதம்தான் அலசி முடித்திருந்தாள். அகராதி முழுக்கத் தேடி உருப்படியாகக் கிடைத்தது மிஸ்ஹிட் மட்டும்தான். அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் வாய் நிறையக் கூப்பிடும் பெயர் அவள் நினைவுக்கே வரவில்லை. பெயரை அவள் எப்போதும் தமிழில்தான் கேட்டிருந்தாள்.

உதவி மேலாளரின் அறைக்குப் போகும் வழியில் ஓவியரின் மேசை. திரையில் அவர் வரைந்த அந்த முகம், சுருங்கிய புருவத்தோடு, இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது. போன வாரம் அதைப் பார்த்து அவளும் சிரித்திருந்தாள். இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள்.

உதவி மேலாளர் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். பாதி உடைந்து உள்ளே விழுந்தது. விரலை விட்டு எடுத்தார்.

“டிக்‌ஷனரியில இருக்காம்மா?”

“பேரு எப்படி சார் டிக்‌ஷனரியில இருக்கும்?”

“அப்ப விட முடியாது. வார்த்தையைத்தான் விடுவோம்.”

“மிஸ்ஹிட்டை விட்டீங்களே.”

“அது கிரிக்கெட். பந்து மட்டையில சரியாப் படலன்னா சொல்றது.”

“பந்து சரியாப் படலன்னா அது வார்த்தை. ஒரு பொண்ணுக்கு ஆசையா வச்சது வார்த்தை இல்லையா?”

“அகராதின்னு சும்மாவா பேர் வச்சாங்க உனக்கு.” விரலைச் சப்பிவிட்டுச் சிரித்தார். “பேருக்கு ஒரு தடவை கதவைத் திறந்தா, பேருங்குற சாக்குல எல்லா அசிங்கமும் உள்ள வந்துடும். ரோஜா, மல்லின்னு ஏதாவது போட்டு விளையாடச் சொல்லு. இல்ல, நடுவுல ஒரு எழுத்தை எடுத்துடு. குழந்தைக்கு என்ன தெரியப் போகுது?”

மேசையில் அவருடைய பதவிப் பலகை பளபளவென்று இருந்தது. முதல் மூன்று எழுத்து அவளைப் பார்த்தது. அதை யாரும் எந்தத் திரையிலும் நிறுத்தவில்லை.

“கொஞ்சம் யோசிங்க சார்.”

“யோசிச்சாச்சும்மா.” அவர் தட்டை நீட்டினார். “பிஸ்கட் எடுத்துக்கோ.”

டீயின் மேலே மாவு பிரிந்து மிதந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். பிறகுதான் உணர்ந்தாள்: மூக்கையும் சேர்த்துப் பொத்தியிருந்தாள். சட்டென்று கையை இறக்கினாள்.

அக்கா வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஆங்கிலப் பலகைகள். மருந்துக்கடை, கண்ணாடிக்கடை, பயணிகள் நிழற்குடை. ஒன்றையும் படிக்கக் கூடாது என்று தலையைக் குனிந்து நடந்தாள். தரையில் காறித் துப்பியிருந்தார்கள்.

கதவைத் திறந்த அக்கா தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டாள். மகள் உள்ளறையில் தரையில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலின் மேல் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். நோட்டு அட்டைகளில் சுரண்டி முடித்தாயிற்று. சீட்டு போன இடத்தில் பசை பிசுபிசுத்து, அதில் பஞ்சும் தலைமுடியும் அப்பியிருந்தன.

“என்ன பண்றே கண்ணு?”

“சித்தி, கிட்ட வராதே. நாறுது.”

“ஒண்ணும் நாறல. வா இங்க.”

“பொய். உங்க ஆபீஸ் மூஞ்சியே சொல்லுச்சு. எந்த நாலு எழுத்துன்னு பசங்களும் சொன்னாங்க.”

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தாள். முதல் பாதி வந்தது. மறுபாதியில் இரண்டு எழுத்துக்குப் பதிலாக நான்கு எழுத்து நாக்கில் வந்து நின்றது. ஒரு கணம்தான். ஆனால் பிள்ளை அந்தக் கணத்தைப் பார்த்துவிட்டது.

நகத்துக்குள் போன பசையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அது சொன்னது: “உனக்குத்தான் எழுத்து தேடத் தெரியுமே, சித்தி. அந்த நாலு எழுத்தும் சேர்ந்து வராத பேரா, எனக்கு ஒண்ணு தேடிக் குடேன். நாளைக்குக் காலையில வேணும்.”