கம்பத்தடியில் விழுந்த சந்தேகம்

வில்ஃப்ரட்டுக்கு மேபல் மேல்தான் சந்தேகம். ஊர்ப் புல்வெளியில் நிற்கும் பழைய ஈட்டிக் கம்பத்தைப் பராமரிப்பது எதிர்வீட்டுக்காரர் கடமை. அந்த வீடு இப்போது அவளுடையது. கம்பத்தின் உச்சியில் சுழலும் கட்டைக்கு ஒரு முனையில் பலகை, மறுமுனையில் மணல்மூட்டை. குதிரையில் பாய்ந்து வந்து ஈட்டியால் பலகையைக் குத்துகிறவன், மூட்டை சுற்றிவந்து முதுகில் அறைவதற்குள் கடந்துவிட வேண்டும். மே விழாவில் ஊரே கடந்தது. வருடா வருடம் அறை வாங்கியது வில்ஃப்ரட் ஒருவன்தான்.

இந்த வருட விழாவுக்கு முந்தின நாள் காலையிலேயே குதிரையோடு வந்துவிட்டான். மேபல் வாசற்கதவருகே டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"என் முறை வர்றப்ப மட்டும் கட்டை வேகமா சுத்தட்டும்னு எண்ணெய் போட்டு விடுறியா?"

"நீயே ஏறிப் பாத்துக்கோ."

ஏறிப் பார்த்தான். எண்ணெய்ப் பசையே இல்லை. மூட்டையை அவிழ்த்துத் துழாவினான். கல் இல்லை, வெறும் மணல். அப்போதும் மனம் ஆறவில்லை.

"ஓட்டிப் பாக்கறேன். நீ அங்கேயே நில்லு, அசையாதே."

பாய்ந்து வந்து பலகையைக் குத்தினான். குத்திய கையோடு, அவள் நின்ற இடத்தில்தான் நிற்கிறாளா என்று கடிவாளத்தை இழுத்துத் திரும்பிப் பார்த்தான். மூட்டை வந்து அறைந்தது. புல்லில் கிடந்தான்.

"மத்தவங்க குத்திட்டு நேரா ஓடுறாங்க," என்றாள் மேபல், கோப்பையைக்கூடக் கீழே வைக்காமல். "நீதான் ஒவ்வொரு வருஷமும் நின்னு திரும்பிப் பாக்கறே."

வில்ஃப்ரட் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே கண்ணைச் சுருக்கினான்.

"ஒவ்வொரு வருஷமும் என்னையே கவனிச்சிருக்கே. எதுக்கு?"