சாம்பல் துணி

ஜப்பான்காரன் குறுக்குக் கம்பியை விட்டுக் காற்றில் சுருண்டு மணலில் வந்து நின்றபோது, சுருளிவேல் அவனைப் பார்க்கவில்லை. தன் மனைவி மொக்கம்மாளின் கைகளைத்தான் பார்த்தான். அவை தட்டிக்கொண்டிருந்தன. தேவாரம், கம்பம் என்று அவன் எத்தனை திருவிழாவில் கம்பி ஏறியிருப்பான். அந்தக் கைகள் ஒருநாளும் முந்தானையை விட்டு வெளியே வந்ததில்லை.

தேனியில் கூடாரம் போட்டிருந்த சர்க்கஸ்காரர்கள்தான் இதற்குக் காரணம். கிமுரா என்ற அந்த ஆள், சொந்த நாட்டில் கம்பி விளையாட்டில் வருஷா வருஷம் முதலாக வந்தவனாம். கடைசிப் போட்டியில் விழுந்து வலது மணிக்கட்டு முறிந்து, பிறகு சர்க்கஸில் சேர்ந்தானாம். கூடாரத்துக்கு வெளியே போட்டி, அவனை ஜெயித்தால் வெள்ளிப் பதக்கம் என்று தமுக்கடித்தார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் கம்பி என்றால் சுருளிவேல் என்றிருந்த பேச்சு ஒரே வாரத்தில் மாறிவிட்டது.

"ஏலே சுருளி, சப்பான் பொம்மைக்குச் சாவி குடுத்தாப் பொழுதன்னைக்கும் சுத்தும். ஒனக்கு ஆருலே சாவி குடுப்பா?" என்றான் காப்பிக்கடையில் பங்காளி அம்மாவாசி. கடையே சிரித்தது.

உடம்பெல்லாம் நல்லெண்ணெய் பூசிக் கம்பி ஏறுவது அந்தப் பக்கத்து வழக்கம். அதனால் இறங்குகிறவன், அடுத்து வருபவன் எதிராளியே ஆனாலும், கம்பியைச் சாம்பல் துணியால் துடைத்துவிட வேண்டும். அழுத்தித் துடைத்தானா, ஒப்புக்குத் தடவினானா என்பது அவனுக்கும் கம்பிக்கும் மட்டுமே தெரியும். எண்ணெயே பூசாத கிமுராகூட இப்போது, வழக்கத்தைக் கேட்டறிந்து, சுருளிவேலுக்காகத் துடைத்துவிட்டுக் கும்பிட்டு நகர்ந்தான்.

"எம்புட்டுப் பதனமாத் தொடைக்கிறாக பாருங்க" என்றாள் மொக்கம்மாள். சுருளிவேலுக்கு வயிறு எரிந்தது. பாவம், எரியத்தானே செய்யும்?

அந்த எரிச்சலோடு ஏறினான். நன்றாகவே சுழன்றான். இறங்கும்போது மட்டும் ஒரு கால் மணலில் இழுத்துக்கொண்டது. கூட்டம் "அச்சோ" என்றது. இனி கடைசிச் சுற்றில் கிமுரா விழாமல் இறங்கினால் ஜெயம் அவனுக்குத்தான்.

சாம்பல் சட்டியை நீட்டிய மொக்கம்மாளிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்: "அவனுக்கு மட்டுந்தான் தட்டத் தெரியுதோ ஒனக்கு?"

"அவக ஏறுனா எனக்கு வேடிக்கை. நீங்க ஏறுனா முந்தானையப் புடிச்சிக்கிட்டு எப்ப எறங்குவீகன்னு கெடக்கேன். பெறகு எங்கிட்டுக் கையத் தட்ட?"

அவள் முந்தானை நுனி நனைந்து, கயிறாய் முறுக்கிக் கிடந்தது.

சுருளிவேல் முக்காலியில் ஏறிக் கம்பியைத் துடைத்தான். இடது பாதி சாம்பல் பூத்தது. இன்னும் துடைக்காத வலது பாதியில் அவன் எண்ணெய் வெயிலில் பளபளத்தது. கீழே கிமுரா, வலது மணிக்கட்டில் சுற்றிய துணியைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். முடித்துவிட்டு நிமிர்ந்து, சிரித்து, கைகூப்பினான்.

கம்பியின் நடுவில் சாம்பல் துணி நின்றது.