நான்கும் வெள்ளை

எங்கள் லேபில் எழுதிவைக்காத சட்டம் ஒன்று உண்டு. வெள்ளை வந்தால் வீசு.

நாங்கள் வளர்ப்பது சிவப்பு ஈஸ்ட். ஒரு மரபணு பழுதானதால் அதன் உடம்பில் சாயம் தேங்கி, மாதுளை முத்துகளைச் சிதறவிட்டதுபோல் தட்டு முழுக்கக் காலனிகள் முளைக்கும். எப்போதாவது நடுவில் ஒன்று வெள்ளையாக வரும். வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட வேறு ஈஸ்ட் என்று சொல்லி, தட்டோடு ஆட்டோகிளேவில், அதாவது எங்கள் ஆளுயரக் குக்கரில், போட்டு அவித்துவிடுவோம். லேபின் தலைவரான சாரிடமிருந்து அக்கா கற்றுக்கொண்டாள், அக்காவிடமிருந்து நான். அக்கா உடன்பிறந்தவள் அல்ல. எனக்கு முன்னால் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவள்.

ஒரு வெள்ளையை மட்டும் நான் வீசவில்லை. அத்தனை சிவப்புக்கு நடுவில் அது யாருக்கும் பயப்படாமல் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். அதைச் சிவப்போடு இணைசேர்த்தேன். ஒரு ஜோடிக்கு நான்கு வாரிசுகள் பிறக்கும். வெள்ளை நிறம் ஒரு மரபணுவின் வேலை என்றால் இரண்டு வெள்ளையும் இரண்டு சிவப்பும் வர வேண்டும். எனக்கு நான்கும் வெள்ளை. மறுபடி செய்தேன். மறுபடியும் நான்கும் வெள்ளை.

"கலப்படம்," என்றார் சார். "கைய நல்லா கழுவிட்டுத் திரும்பப் பண்ணு."

"கழுவிட்டுத்தான் சார் பண்ணேன்."

"அப்ப சரியா கழுவல."

இது மரபணுவின் வேலையே இல்லை என்று எனக்குத் தோன்றியது. ஒரு புரதம் தப்பாக மடிந்துகொள்கிறது. பக்கத்தில் இருப்பதையும் தன்னைப்போலவே மடிக்கிறது. அதனால் மரபணுவின் பழுது மறைந்து செல் வெளுத்துவிடுகிறது. தாய் செல் மொட்டு விடும்போது அந்த மடிப்பும் கொஞ்சம் சேய்க்குள் போய்விடுகிறது; இணைசேர்ந்து பிறக்கும் நான்குக்கும் அப்படித்தான். வேறு லேப்களில் இப்படிப் பார்த்திருக்கிறார்கள். நம் ஈஸ்டிலும் இருக்கலாம் என்று நான் சொன்னதற்குத்தான் சாருக்கு அத்தனை கோபம்.

சோதித்துப் பார்க்க வழி இருந்தது. குவானிடின் என்றொரு உப்பு அந்த மடிப்பு பரவுவதைத் தடுக்கும், மரபணுவைத் தொடாது. வெள்ளை வெளியாள் என்றால் உப்பில் வளர்ந்தாலும் வெள்ளையாகவே இருக்கும். நான் நினைப்பது சரியென்றால் சிவக்கும்.

"சிவக்கலன்னா நானே கிளம்பிடறேன் சார்," என்று சொல்லிவிட்டேன்.

"வாயாடி, வாயக் கொடுத்து மாட்டிக்கிட்டியே," என்றாள் அக்கா. "வெள்ளையாவே வந்தா என்னடி பண்ணுவ?"

"பெயிண்ட் அடிச்சிடலாம்க்கா."

வீட்டில் சித்தியிடம் சொன்னேன். அம்மா போன பிறகு அப்பா கட்டிக்கொண்டவள். தையல் கடை வைத்திருக்கிறாள். என்னைப் பெற்றவள் அதிர்ந்து பேசமாட்டாளாம். எனக்கோ அச்சு அசலாகச் சித்தியின் வாய்.

"சரின்னு பட்டுச்சுன்னா பேசிட்டு வா," என்றாள் சித்தி, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவரு தொரத்திவிட்டா பொத்தானுக்குக் காஜா எடுக்க எனக்கு ஆள் வேணும்."

"அங்கயும் என் வாய் சும்மா இருக்காதே."

"குண்டூசியக் கவ்விக்கோ. தானா மூடிக்கும்."

சார் முன்னால் எல்லாரும் முடிவுகளைக் காட்டும் லேப் கூட்டத்தன்று காலையில், நானும் அக்காவும் ஈஸ்ட் வளரும் வெப்பப் பெட்டியைத் திறந்தோம். உப்பில் வளர்ந்தவை அத்தனையும் சிவப்பு. அக்கா தட்டைக் கையில் எடுத்தாள். "நான் எத்தனைய அவிச்சிருப்பேன்," என்றாள். பிறகு கூட்டத்துக்கு முன் இருவரும் ஒரு வேலையை முடித்துவிட்டுப் போனோம்.

சார் தட்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "உப்பு வெள்ளையக் கொன்னிருக்கும். தப்பிச்ச சிவப்பு வளர்ந்திருக்கு."

"ஒண்ணுகூட சாகல சார். எத்தனை போட்டேனோ அத்தனையும் முளைச்சிருக்கு."

அவருக்குப் புரிந்துவிட்டது, காது மடல் சிவந்ததில் தெரிந்தது. குரலைத் தாழ்த்தினார். "இத்தனை வருஷமா கலப்படம்னு எழுதியிருக்கோம்மா."

"தப்பா எழுதியிருக்கோம் சார்."

பிரிட்ஜில் இருந்த என் வெள்ளைத் தட்டுகளையும் எடுத்துக் கம்பிக்கூடையில் அடுக்கினார். கூடையை என் பக்கம் தள்ளினார். "ரெண்டுல ஒண்ணு. இத உன் கையால குக்கர்ல வை, புதுத் தலைப்பு தர்றேன். இல்ல, பையத் தூக்கிட்டுக் கிளம்பு."

"வைக்கவும் மாட்டேன், கிளம்பவும் மாட்டேன் சார். சிவக்கலன்னாதான் கிளம்பறேன்னேன். சிவந்துடுச்சே." கூடையை அவர் பக்கமே திருப்பித் தள்ளினேன். "நீங்க அவிக்கிறதுன்னா அவிங்க. காலையிலயே இந்தக் கட்டடத்துல இருக்கிற எல்லா லேபுக்கும் ஆளுக்கொரு தட்டு வெள்ளை கொடுத்தாச்சு. கூடவே உப்பும். அவங்களே வளர்த்துப் பாக்கட்டும்."

"யாரக் கேட்டுக் கொடுத்த?"

"ஈஸ்ட் யாரக் கேட்டு சார் மொட்டு விடுது?"

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். சார் திரும்பினார். அக்கா எழுந்து நின்றிருந்தாள்.

"தட்டு தயார் பண்ணிக் கொடுத்தது நான்தான் சார்."

சார் கூடையைத் தானே தூக்கிக்கொண்டு போனார். குக்கர் மூடி விழுந்த சத்தம் கேட்டது. என் பையை நான் தொடவில்லை. மேல்மாடி லேபில் எல்லாரும் மீசை என்று கூப்பிடும் பெரியவர் ஒருவர் அப்போதுதான் கதவில் தலையை நீட்டினார்.

"வெள்ளைத் தட்டு கொடுத்த பொண்ணு யாரும்மா? உப்பு எவ்வளவு போடணும்னு சொல்லாமயே போயிட்டியே?"

சாருக்கும் கேட்கட்டும் என்று, அளவை உரக்கச் சொன்னேன்.